உடைக்காமல் கழற்றியதற்கு என்ன கூலி?

பழைய கார் வைத்திருப்பவர்கள் நாலு பேர் கூடினால் பேச்சு பெயின்ட், குரோமியம் பூச்சு, சீட் கவர் என்றுதான் போகும். என் கவலை வேறு இடத்தில். பானட்டைத் தூக்கினால் கார்புரேட்டருக்குக் கீழே, எஞ்சின் ஹெட்டோடு ஒட்டிக்கொண்டு ஒன்று கிடக்கும். அதுதான் இன்டேக் மேனிஃபோல்ட். அறுபது எழுபது வருஷமான எஞ்சினில் அதைக் கழற்றுவது ஒரு வேலை, உடைக்காமல் கழற்றுவது வேறொரு வேலை. நாம் கூலி கொடுப்பது முதல் வேலைக்குத்தான். ராயபுரம் தொடங்கி எண்ணூர் வரைக்கும் இத்தனை பட்டறை இருந்தும், நல்ல பழைய எஞ்சின்கள் காது உடைந்து ஊனமாக நிற்பதற்கு வயசு காரணமல்ல, நாம் கூலி கணக்குப் பார்க்கிற விதம்தான் காரணம் என்பது என் கட்சி.

மெக்கானிக் வேலை பழக்கமில்லாதவர்களுக்கு ஒரு வார்த்தை. கார்புரேட்டர் பெட்ரோலையும் காற்றையும் கலந்து கொடுக்கும். அந்தக் கலவையை ஒவ்வொரு சிலிண்டருக்கும் பிரித்துக் கொண்டுபோகிற வார்ப்புக் குழாய்தான் இன்டேக் மேனிஃபோல்ட். ஹெட்டுக்கும் அதற்கும் நடுவில் ஒரு கேஸ்கட். ஹெட்டிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் ஸ்டட்டுகளில் நட்டுப் போட்டு இறுக்கியிருப்பார்கள். கேஸ்கட் போய்விட்டால் அந்த இடுக்கு வழியாக வேண்டாத காற்று உள்ளே புகும். ஐட்லிங் ஏறும், இறங்கும். 'உஸ்' என்று ஒரு சத்தம் கேட்கும். ஏற்றத்தில் வண்டி இழுக்காது. அப்போது கழற்றித்தான் ஆகவேண்டும்.

இதில் பழைய பிரிட்டிஷ் எஞ்சின்களுக்கு ஒரு கூடுதல் தொல்லை உண்டு. இன்டேக்கும் எக்ஸாஸ்டும் ஹெட்டின் ஒரே பக்கத்தில் இருக்கும். எக்ஸாஸ்டின் சூட்டை வைத்து இன்டேக்கைக் கொஞ்சம் சூடாக்கினால் பெட்ரோல் நன்றாக ஆவியாகும் என்று குளிர் நாட்டுக்காரன் போட்ட கணக்கு. சித்திரை வெயிலில் எண்ணூர் நெடுஞ்சாலையில் போகிற வண்டிக்கு அந்தச் சூடு எதற்கு என்று அவன் யோசித்திருக்க மாட்டான். விளைவு, இன்டேக்கைப் பிடித்திருக்கும் ஸ்டட்டும் எக்ஸாஸ்ட் ஸ்டட்டோடு சேர்ந்து ஆயிரக்கணக்கான தடவை சுட்டு ஆறி, சுட்டு ஆறி, நட்டோடு ஒன்றாகிப் போய்விடுகிறது.

எண்ணூர் என்றதும் லாரியும் பஸ்ஸும்தான் எல்லோருக்கும் நினைவு வரும். அங்கே முதலில் பூட்டப்பட்டது கார். 1948-ல் ரகுநந்தன் சரண் அசோக் மோட்டார்ஸ் கம்பெனியைத் தொடங்கினார். அசோக் என்பது அவருடைய மகன் பெயர். இங்கிலாந்தின் ஆஸ்டின் ஏ-40 காரை இங்கே பூட்டி விற்பதுதான் திட்டம். 1200 சிசி, நாலு சிலிண்டர், வால்வு மேலே உள்ள எஞ்சின். வெளிநாட்டு உதிரிகளைப் பூட்டி மட்டும் விற்கிறவர்களுக்கு இனி இடமில்லை என்று 1953-ல் தீர்வைக் கமிஷன் சொன்ன பிறகு ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் நம் நாட்டில் கடையைக் கட்டின. எண்ணூரில் லேலண்ட் பங்கு சேர்ந்து, 1955-ல் கம்பெனி அசோக் லேலண்ட் ஆனது. கார் போய் லாரி வந்தது. அந்தக் கொஞ்ச வருஷத்தில் நம் ஊர்க் கைகள் பூட்டிய ஏ-40 இன்றைக்கு எங்காவது ஒரு ஷெட்டில் நிற்கிறதென்றால், அதன் மேனிஃபோல்டுக்கு மாற்று புதுப்பேட்டையில் தேடினாலும் எளிதில் கிடைக்காது. அம்பாசடர் என்றால் பரவாயில்லை, அது 2014 வரைக்கும் உத்தரபாராவில் வந்துகொண்டிருந்த வண்டி.

எனக்குத் தெரிந்த திருவொற்றியூர்க்காரர் ஒருவரிடம் அப்படி ஒரு ஏ-40 இருக்கிறது. அப்பா வாங்கியது. பல வருஷம் ஷெட்டில் கிடந்ததை ஓட வைத்துவிட்டார். ஐட்லிங் மட்டும் நிற்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை பழைய கார் ஊர்வலம். வியாழக்கிழமை ஒரு மெக்கானிக்கைக் கூப்பிட்டு, "சனிக்கிழமை சாயந்திரம் வண்டி வேணும்பா, எவ்வளவு ஆனாலும் பரவாயில்லை" என்று சொல்லிவிட்டார். அந்தப் பையன் கெட்டிக்காரன், எனக்கும் தெரிந்தவன்தான். மேலே உள்ள நட்டுகளைக் கழற்றினான். மேனிஃபோல்ட் அசையவில்லை. கேஸ்கட் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று நினைத்து, டயர் லீவரை இடுக்கில் கொடுத்து நெம்பினான். 'டக்' என்று ஒரு காது கையோடு வந்தது. குனிந்து டார்ச் அடித்துப் பார்த்தால் கார்புரேட்டருக்குக் கீழே, கண்ணுக்குத் தெரியாத இடத்தில் ஒரு நட்டு கம்பீரமாக உட்கார்ந்திருக்கிறது.

ஒட்டிக்கொண்டுவிட்டது என்று நாம் சொல்வதில் பாதி இப்படித்தான், கழற்றாமல் விட்ட ஒரு நட்டு. அல்லது கீழே தாங்கிப் பிடிக்கும் ஒரு பட்டை. கையை விட்டுத் தடவிப் பார்க்கவேண்டும், சின்னக் கண்ணாடியைக் கீழே காட்டிப் பார்க்கவேண்டும். வார்ப்பிரும்பு அழுத்தத்தைத் தாங்கும், இழுப்பையும் வளைப்பையும் தாங்காது. அம்மி மாதிரி கனமாக இருக்கிறதே என்று நம்பி நெம்பினால் அப்பளம் மாதிரி உடையும்.

அந்தப் பையனைத் திட்டி என்ன பயன்? அவனிடம் கேட்டது சனிக்கிழமை. அவன் கொடுக்க முயன்றதும் சனிக்கிழமை.

உடைந்த காதை வார்ப்பிரும்பு வெல்டிங் தெரிந்த ஒரு பெரியவர் பித்தளையில் பிரேசிங் செய்து ஒட்டிக் கொடுத்தார். சூடேற்றி ஒட்டி, உடனே ஆறவிடாமல் சாம்பலுக்குள் புதைத்து ராத்திரி முழுக்க வைத்து எடுத்தார். அது பிறகு. அதற்கு முன்னால் மேனிஃபோல்ட் வெளியே வரவேண்டுமே. மிச்சம் இருந்தது அந்த ஒளிந்திருந்த நட்டும், நட்டோடு சேர்ந்து முறுக்கிக்கொண்ட இரண்டு ஸ்டட்டும். அதற்கு வந்தவர் காசிமேட்டில் விசைப்படகு எஞ்சின் பார்க்கிறவர். கார் மெக்கானிக் இல்லை. வந்தார், பார்த்தார், ஸ்பேனரையே எடுக்கவில்லை. கம்பி பிரஷ்ஷால் மரையில் இருந்த துருவைத் தேய்த்தார், எண்ணெய் விட்டார், சுத்தியலால் ஒவ்வொரு நட்டின் தலையிலும் பித்தளைத் துண்டை வைத்து மெல்லத் தட்டினார், கையைத் துடைத்துக்கொண்டார்.

"இன்னிக்கு அது வராது சார். நாளைக்கு வரேன்."

"என்ன அண்ணே, ஒண்ணுமே பண்ணலையே?"

"பண்ணிட்டேன் சார். இப்போ எண்ணெய் பண்ணணும்."

இப்படி ஆறு நாள். தினம் அரை மணி நேரம் வந்து போனார். ஆறாம் நாள் மூன்றும் வந்தன. ஒரு ஸ்டட்கூட முறியவில்லை.

அந்த ஆறு நாளில் உள்ளே என்ன நடந்தது என்பதை, தொழிற்சாலை மெயின்டனன்ஸில் காலம் தள்ளியவன் என்ற முறையில் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

இரும்பு துருவானால் அது முன்பிருந்த இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்கும். மரைக்குள் அந்த இடம் இல்லை. ஆகவே துருவே ஆப்பு மாதிரி இறுகிவிடுகிறது. கடலோரத்தில் உப்புக் காற்று இந்த வேலையை விரட்டிவிடும். நம் பகுதியில் உப்போடு நிலக்கரிப் புகையும் சேர்ந்தது. எண்ணூர் அனல் மின் நிலையம் 1970 முதல் 2017 வரை ஊதியது போதாதா? புகையில் வருகிற கந்தகம் ஈரத்தோடு சேர்ந்தால் அமிலம். அதே வண்டி கோயம்புத்தூரில் நின்றிருந்தால் நட்டு இவ்வளவு பிடிவாதம் பிடித்திருக்காது. மேனிஃபோல்ட் அலுமினியமாக இருந்துவிட்டால் கதை இன்னும் மோசம். இரண்டு உலோகம், நடுவில் உப்பு ஈரம், ஒரு சின்ன பேட்டரியே உருவாகி அலுமினியத்தைத் தின்னும். வெள்ளைப் பொடி ஸ்டட்டைச் சுற்றி சிமென்ட் மாதிரி கெட்டியாகும்.

இந்த ஆப்பை உடைக்க வழி, விசையைக் கூட்டுவதல்ல. 5/16 அங்குல ஸ்டட், அதாவது ஏறக்குறைய 8 மில்லிமீட்டர், 100 டிகிரி சூடானால் அதன் விட்டம் நூற்றில் ஒரு பங்கு மில்லிமீட்டர்தான் கூடும். தலைமுடிப் பருமனில் ஏழெட்டில் ஒரு பங்கு. அவ்வளவுதான் நமக்குக் கிடைக்கிற இடம். ஆனால் எண்ணெய்க்கு அதுவே ராஜபாட்டை. எஞ்சினை ஓட்டிச் சூடாக்கி நிறுத்தி, ஆறும்போது எண்ணெய் விட்டால் சுருங்கும் உலோகம் அதை உள்ளே இழுத்துக்கொள்ளும். மறுநாள் மறுபடி. இடையிடையே தட்டுவது துருவில் விரிசல் விடுவதற்கு. அடி மேல் அடி அடித்தால் அம்மியும் நகரும் என்பதில் அடியின் பலத்தைப் பற்றி ஒன்றும் இல்லை, எண்ணிக்கையைப் பற்றித்தான் இருக்கிறது. கழற்றுகிற பக்கமாக எடுத்த எடுப்பில் திருப்பக்கூடாது. முதலில் ஒரு இழை இறுக்கு, பிறகு ஒரு இழை தளர்த்து. கால் சுற்று வந்ததும் சந்தோஷத்தில் முழுக்கத் திருப்புகிறவன்தான் ஸ்டட்டை முறிப்பான். கால் சுற்று வந்தால் அரைக்கால் திரும்பிப் போகவேண்டும், எண்ணெய் விடவேண்டும்.

இதற்கும் மசியாத நட்டுக்கு கேஸ் விளக்கு. நட்டை மட்டும் சூடாக்கினால் நட்டு விரியும், ஸ்டட் அவ்வளவு விரியாது. சூடாக இருக்கும்போதே மெழுகுவத்தியை மரையில் வைத்தால் மெழுகு உருகி உள்ளே ஓடும், நல்ல உயவு. ஆனால் நெருப்பை எடுக்கும் முன் கார்புரேட்டரையும் பெட்ரோல் குழாயையும் கழற்றி வெளியே தூரமாக வைத்திருக்கவேண்டும். இதை விளையாட்டாக எடுத்துக்கொண்டு பானட்டையே கருக்கியவர்கள் உண்டு.

ஸ்பேனர் விஷயம் தனிக் கூத்து. 1948-ல், அசோக் மோட்டார்ஸ் பிறந்த அதே வருஷம், பிரிட்டன், அமெரிக்கா, கனடா மூன்றும் ஒரே மரை அளவுக்கு ஒப்புக்கொண்டன. ஒப்புக்கொண்டதும் ஒரே நாளில் எல்லாம் மாறிவிடவில்லை. அந்தக் காலத்து பிரிட்டிஷ் வண்டிகளில் விட்வொர்த், பி.எஸ்.எஃப்., யு.என்.எஃப். எது இருக்கும் என்று பார்த்துத்தான் சொல்லமுடியும். 5/16 பி.எஸ்.எஃப். நட்டின் அகலம் சுமார் 13.3 மில்லிமீட்டர். இன்றைய பெட்டியில் இருக்கும் 13-ம் நம்பர் ஸ்பேனர் ஏறாது. 14 ஏறும், ஆனால் ஆடும். ஆடுகிற ஸ்பேனரில் பலம் கொடுத்தால் நட்டின் மூலை மழுங்கும். பிறகு பைப் ரென்ச், அப்புறம் உளி, கடைசியில் ஸ்டட்டே முறியும். சரியான விட்வொர்த் ரிங் ஸ்பேனர் பழைய கருவிகள் விற்கும் இடத்தில் தேடினால் இன்றும் கிடைக்கும். அது இல்லாதவன் இந்த வேலையைத் தொடவே கூடாது என்பேன்.

ஸ்டட் முறிந்துபோனாலும் உலகம் முடிந்துவிடாது. வெளியே கொஞ்சம் நீட்டிக்கொண்டிருந்தால் அதன்மேல் ஒரு நட்டை வெல்டிங் வைத்துத் திருப்பலாம். வெல்டிங் சூடே துருவைத் தளர்த்திவிடும். உள்ளேயே முறிந்திருந்தால் நடுமையம் பார்த்துத் துளை போடவேண்டும். 'ஈஸி அவுட்' என்று ஒரு சாமான் விற்கிறார்கள். பேரில்தான் ஈஸி. அது உள்ளே முறிந்தால் சாதாரண டிரில் அதன்மேல் வழுக்கும், அவ்வளவு கெட்டி உருக்கு. பிறகு ஹெட்டையே இறக்கி லேத் பட்டறைக்கு எடுத்துப் போகவேண்டியதுதான். அரை மணி நேர அவசரத்துக்கு அரை மாத வேலை.

காசிமேட்டுக்காரருக்கு இதெல்லாம் எப்படிக் கைவந்தது என்று நான் யோசித்ததுண்டு. படகு எஞ்சின் கார் எஞ்சினைவிட மோசமாக உப்பில் ஊறுகிறது. முறுக்கிக்கொண்ட ஸ்டட் அவருக்கு அன்றாடம். இன்னொன்றும் உண்டு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை நம் கரையில் மீன்பிடித் தடைக்காலம், 61 நாள். கடலுக்குப் போகமுடியாத படகில்தான் பெரிய எஞ்சின் வேலைகள் நடக்கும். அங்கே யாரும் சனிக்கிழமை சாயந்திரம் என்று நெருக்குவதில்லை. எண்ணெய் விட்டுவிட்டு அடுத்த படகுக்குப் போய், நாலு நாள் கழித்துத் திரும்பி வரலாம். சட்டம் கொடுத்த ஓய்வு தொழிலாளிக்குப் பொறுமையைக் கற்றுக்கொடுத்திருக்கிறது. நம் கார் பட்டறைக்கு அப்படித் தடைக்காலம் எது?

இப்போது கூலிக்கு வருகிறேன். ஆறு நாள் முடிந்ததும் காசிமேட்டுக்காரர் கேட்ட தொகை, முதல் பையனுக்குப் பேசியதைவிடக் குறைவு. நண்பர் மகிழ்ந்து போனார். எனக்கு வருத்தமாக இருந்தது. ஏன் குறைவு? "மொத்தம் மூணு மணி நேரம்தானே சார் வேலை செஞ்சேன்" என்கிறார். அவரே அப்படித்தான் கணக்குப் போடுகிறார். நாமும் அப்படித்தான் பழக்கியிருக்கிறோம். புது சாமான் போட்டால் பில்லில் ஒரு வரி. உடைந்ததை ஒட்டினால் ஒரு வரி. உடையாமல் வந்த ஸ்டட்டுக்கு வரியே கிடையாது. உடைத்தவனுக்கு உடைத்ததைச் சரிசெய்யும் வேலையும் சேர்த்துக் கிடைக்கிறது. இப்படி ஒரு ஏற்பாட்டில் பொறுமை எப்படிப் பிழைக்கும்?

பட்டறைக்காரர் பக்கம் நியாயம் இல்லாமல் இல்லை. வாடகை ஏறிக்கொண்டே போகிறது. ஒரு வண்டி ஆறு நாள் இடத்தை அடைத்து நின்றால் வேறு ஆறு வண்டி திரும்பிப் போகும். எண்ணெய் வேலை செய்கிறது, நான் சும்மா இருக்கிறேன் என்று வாடிக்கையாளரிடம் அவர் எப்படிச் சொல்வார்? சொன்னால் சோம்பேறி என்பார்கள். அதனால்தான் வண்டியைப் பட்டறைக்குக் கொண்டுபோகாமல், அது நிற்கும் ஷெட்டுக்கே ஆளை வரவழைப்பது நல்லது என்கிறேன். இடம் நம்முடையது. வருகிற ஒவ்வொரு நாளுக்கும் வருகைக்கூலி. அது போக, முழுசாக வெளியே வந்த ஒவ்வொரு ஸ்டட்டுக்கும் இவ்வளவு என்று முன்கூட்டியே பேசவேண்டும். முறிந்தால் அந்தத் தொகை இல்லை, திட்டும் இல்லை.

பழைய வண்டி வைத்திருப்பதெல்லாம் பணக்காரப் பொழுதுபோக்கு, இதற்கு ஏன் இவ்வளவு என்று கேட்பவர்கள் உண்டு. 2021-ல் மத்திய அரசு பழம்பெரும் வாகனங்களுக்குத் தனிப் பதிவு விதி கொண்டுவந்தது. 50 வயதைத் தாண்டிய வண்டி, சேசிஸிலோ பாடியிலோ எஞ்சினிலோ பெரிய மாற்றம் செய்யாமல் அசலாக இருக்கவேண்டும். முதல் பதிவுக்கு 20,000 ரூபாய், 10 வருஷத்துக்குச் செல்லும். பிறகு புதுப்பிக்க 5,000. அசல் மேனிஃபோல்ட் உடைந்து, அதற்கு ஜோடி கிடைக்காமல், வேறு ஏதோ ஒரு எஞ்சினைத் தூக்கி வைத்த வண்டிகளை நான் பார்த்திருக்கிறேன். ஓடும், சந்தேகமில்லை. எண்ணூரில் பூட்டிய ஆஸ்டின் என்று அதைச் சொல்ல முடியாது. பெயின்டுக்குச் செலவழிக்கிற பணத்தில் பத்தில் ஒரு பங்கை இந்த ஆறு நாளுக்கு ஒதுக்கினால் போதும்.

நண்பர் வண்டியைத் திரும்பப் பூட்டியபோது நானும் உடன் இருந்தேன். ஸ்கேலை வைத்து ஃபீலர் கேஜ் விட்டு மேனிஃபோல்டின் முகம் வளைந்திருக்கிறதா என்று பார்த்தார் காசிமேட்டுக்காரர். ஒட்டிய காதின் பக்கம் கொஞ்சம் தூக்கல், தேய்த்துச் சமமாக்கினார். புது ஸ்டட், புது கேஸ்கட், மரையில் கிராஃபைட் கிரீஸ், நட்டு பித்தளை. பித்தளை நட்டு துருவால் இரும்பைப் பிடித்துக்கொள்ளாது. நடுவிலிருந்து இரண்டு பக்கமும் மாறி மாறி இறுக்கினார். ஒளிந்திருந்த அந்த நட்டு எங்கே இருக்கிறதென்று பானட்டின் உள்பக்கம் வெள்ளைப் பெயின்டில் ஒரு அம்புக்குறி போட்டு வைத்தார். ஊர்வலம் அதற்குள் முடிந்து மூன்று வாரம் ஆகியிருந்தது. நண்பர் அவருக்கு இரண்டாவது தடவையாக, கேட்காமலே, கொஞ்சம் பணம் கொடுத்தார். எவ்வளவு என்று நான் பார்க்கவில்லை.